கடைசிச் சிப்பாய்

முதல் உலகப் போரில் பிரான்ஸின் கொடிக்குக் கீழே நின்ற சுமார் 84 லட்சம் பேரில் கடைசியாக மிஞ்சியவர், பிரான்ஸில் பிறக்காத ஒருவர். லசார் பொன்டிசெல்லியின் 110 ஆண்டுகளின் கதை.

பாரிஸின் தெற்கு விளிம்பை ஒட்டியிருக்கும் க்ரெம்லின்-பிசேத்ர், சுற்றுலாப் பயணிகள் தேடிப் போகும் ஊர் அல்ல. 2007 நவம்பர் 11 அன்று அங்கு நடந்த போர் நினைவு நாள் நிகழ்ச்சிக்கும் வழக்கம்போல உள்ளூர்ப் பிரமுகர்கள் வந்திருந்தார்கள். ஆனால் எல்லோருடைய பார்வையும் ஒரே ஒருவர் மீதுதான். இன்னும் சில வாரங்களில் 110 வயதை எட்டவிருந்த அந்த முதியவர் ஆண்டு தவறாமல் இந்த நிகழ்ச்சிக்கு வருபவர். ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தார். தாக்குதலுக்குக் கிளம்பும் முன் பதுங்கு குழியில் நண்பர்கள் ஒருவரிடம் ஒருவர் கேட்டுக்கொண்ட சத்தியம் அது: நான் செத்தால் நீ என்னை நினைக்க வேண்டும். 92 ஆண்டுகள் ஆன பின்பும் லசார் பொன்டிசெல்லி அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

1914க்கும் 1918க்கும் இடையில் பிரான்ஸ் சுமார் 84 லட்சம் பேரைப் போர்முனைக்கு அழைத்தது. அவர்களில் சுமார் 14 லட்சம் பேர் திரும்பி வரவில்லை. நாளொன்றுக்குச் சராசரி 900 சாவுகள். 1914 ஆகஸ்ட் 22 அன்று ஒரே நாளில் 27,000 பிரெஞ்சு வீரர்கள் மாண்டார்கள். பிழைத்தவர்களை மக்கள் 'புவாலு' என்று செல்லமாக அழைத்தார்கள். முடி அடர்ந்தவன் என்று பொருள். மாதக்கணக்கில் சவரம் செய்ய வழியில்லாமல் சேற்றில் கிடந்தவர்களுக்கு மக்கள் வைத்த பட்டப்பெயர். கிராமந்தோறும் சதுக்கத்தில் அந்த புவாலுவுக்குச் சிலை உண்டு. ஆனால் 21ஆம் நூற்றாண்டு பிறந்தபோது உயிரோடு இருந்த புவாலுக்களை விரல்விட்டு எண்ணும் காலம் நெருங்கியிருந்தது.

பிரான்ஸுக்கு நீண்ட ஆயுள் புதிதல்ல. 1997இல் 122 வயதில் இறந்த ழான் கால்மான் பாட்டி, இந்த விஷயத்தில் உலக சாதனையாளர். ஆனால் பாட்டியின் ஆயுள் மருத்துவர்களுக்கு ஆச்சரியம். கடைசி புவாலுவின் ஆயுள் அரசாங்கத்துக்கு ஒரு சங்கடமாகவே ஆனது. அதற்குப் பிறகு வருவோம்.

வடக்கு இத்தாலியின் மலைப்பகுதியில், பெட்டோலா என்ற சிற்றூரை ஒட்டிய ஒரு குக்கிராமத்தில், 1897 டிசம்பர் 7 அன்று அவர் பிறந்ததாகப் பதிவேடு சொல்கிறது. அப்போது பெயர் லாட்சரோ. ஏழு பிள்ளைகளில் ஒருவர். அப்பா சந்தைகளில் கால்நடை விற்பார், தச்சு வேலை பார்ப்பார், செருப்பும் தைப்பார். இத்தனை தொழில் தெரிந்திருந்தும் வீட்டில் அடுப்பு எரிவது நிச்சயமில்லை. அம்மா சொந்தத் துண்டு நிலத்தில் பாடுபட்டதோடு, போ நதிச் சமவெளியின் நெல் வயல்களுக்கும் கூலி வேலைக்குப் போய்வந்தார். முழங்கால் சேற்றில் குனிந்து நாள் முழுக்க வேலை. நம் ஊர் நடவுப் பெண்களுக்கு விளக்க வேண்டாத வாழ்க்கை.

அதிலும் கட்டுப்படியாகாமல் அம்மா பிரான்ஸுக்குப் பிழைக்கப் போனார். அப்பாவும் மூத்த அண்ணனும் அடுத்தடுத்து இறந்தார்கள். மற்ற பிள்ளைகளும் பாரிஸுக்குப் போய்ச் சேர, லாட்சரோ மட்டும் அண்டை வீட்டார் பொறுப்பில் விடப்பட்டான். ஆறு வயதுப் பையன் மரச்செருப்பு செய்யும் வேலையில் சேர்ந்தான். குருவி பிடித்து விற்றான். எல்லாம் ஒரே ஒரு பொருள் வாங்க: பாரிஸுக்கு ஒரு ரயில் டிக்கெட். காசு சேர மூன்று ஆண்டுகள் ஆயின. ஒன்பது வயதில், 30 கிலோமீட்டருக்கும் அதிகமாக நடந்து பியாசென்சா ரயில் நிலையத்தை அடைந்து, தனியாக வண்டி ஏறினான். பிரெஞ்சு தெரியாது. எழுதப் படிக்க எந்த மொழியிலும் தெரியாது. பாரிஸ் என்பது சொர்க்கம் என்று மட்டும் தெரியும்.

சொர்க்கத்தில் கிடைத்த முதல் வேலை, புகைபோக்கி சுத்தம் செய்வது. இத்தாலியர்கள் நிறைய குடியேறியிருந்த நொழான்-சூர்-மார்ன் பகுதியில் அவன் கரியோடு கரியாக வளர்ந்தான். குறுகலான புகைபோக்கிக்குள் நுழைய ஒல்லியான சிறுவர்களே தோதானவர்கள் என்பதால் இந்த வேலைக்கு எப்போதும் ஆள் தேவை இருந்தது. பிறகு பாரிஸ் தெருக்களில் பத்திரிகை விற்றான். வாசிக்கத் தெரியாத பையன் செய்தி விற்றது வேடிக்கைதான். 1914 கோடையில் அந்த வியாபாரம் சூடு பிடித்திருக்க வேண்டும். ஆகஸ்ட் மாதம் போர் வந்தது.

அப்போது அவருக்கு 16 வயது. படையில் சேர வயது போதாது. கூட்டிச் சொன்னார், சேர்த்துக்கொண்டார்கள். இத்தாலி அப்போது போரில் இறங்கவே இல்லை. இந்தப் பையன் ஓடிப்போய்த் துப்பாக்கி தூக்க என்ன அவசியம்? பிற்காலத்தில் அவர் சொன்ன காரணம் எளிமையானது. தனக்குச் சோறு போட்ட நாட்டுக்கு நன்றி சொல்ல வேறு வழி தெரியவில்லை. கொடி, கீதம் பற்றியெல்லாம் அவர் பேசியதாகத் தெரியவில்லை.

வெளிநாட்டவர்களுக்கான படைப்பிரிவான ஃபாரின் லீஜனில், இத்தாலியத் தொண்டர்களைக் கொண்டு உருவாக்கப்பட்ட ரெஜிமென்டில் அவருக்கு இடம் கிடைத்தது. இத்தாலிய விடுதலை நாயகன் கரிபால்டியின் பேரன் பெப்பினோ கரிபால்டி அதன் தளபதி. பேரன்கள் இன்னும் சிலரும் அதிலேயே இருந்தார்கள். லசார் உள்ளே போய்ப் பார்த்தால் சொந்த அண்ணன் செலஸ்தும் அதே ரெஜிமென்டில். சுவாசோன் பகுதியிலும் பிறகு ஆர்கோன் காடுகளிலும் அவர்கள் பதுங்கு குழி வெட்டினார்கள், பிணம் புதைத்தார்கள், சுட்டார்கள். அந்த முதல் குளிர்காலத்தில் பிரெஞ்சு வீரனுக்கு இரும்புத் தொப்பிகூடக் கிடையாது. தலையில் துணித் தொப்பி, காலில் தூரத்திலிருந்தே குறிபார்க்க வசதியான சிவப்புக் கால்சட்டை. எஃகுத் தொப்பி 1915இல்தான் வந்தது. 1914 டிசம்பர் 26 அன்று கரிபால்டி பேரன்களில் ஒருவரான புருனோ ஆர்கோனில் விழுந்தார். பத்து நாட்கள் கழித்து இன்னொரு பேரன், கோஸ்தான்தே.

அந்தக் காட்டில் நடந்த ஒரு சம்பவத்தைத்தான் பொன்டிசெல்லி சாகும்வரை திரும்பத் திரும்பச் சொன்னார். இரு தரப்புப் பதுங்கு குழிகளுக்கும் இடையே, முள்கம்பியில் சிக்கிக் கிடந்த ஒரு பிரெஞ்சு வீரன் அலறிக்கொண்டிருந்தான். கால் போய்விட்டது, யாராவது வந்து தூக்குங்கள் என்ற கதறல். காயம்பட்டவர்களைத் தூக்கி வருவதற்கென்றே இருந்தவர்களும் அந்தத் திறந்தவெளிக்குள் இறங்கத் துணியவில்லை. கேட்டுக்கொண்டே இருக்க முடியாமல் லசார் கம்பி வெட்டும் கத்திரியை எடுத்துக்கொண்டு ஊர்ந்தார்.

வழியில் முதலில் கண்ணில் பட்டது ஒரு ஜெர்மானியன். கை சிதைந்து கிடந்தான். பேச மொழி இல்லை. இரண்டு விரல்களை உயர்த்திக் காட்டினான். இரண்டு பிள்ளைகள் என்று லசாருக்குப் புரிந்தது. என்ன செய்வது? அவனை ஜெர்மன் வரிசைப் பக்கமாக இழுத்துக்கொண்டு போனார். அங்கிருந்து சுட ஆரம்பித்தார்கள். காயம்பட்டவன் தன் ஆட்களை நோக்கிக் கத்தினான், துப்பாக்கிகள் ஓய்ந்தன. அவனை அவர்கள் குழியருகே விட்டுவிட்டுத் திரும்பி, காலிழந்த பிரெஞ்சுக்காரனை மீட்டுத் தன் பக்கம் கொண்டுவந்து சேர்த்தார். அவன் இவரைக் கட்டி முத்தமிட்டு, என் நான்கு பிள்ளைகள் சார்பாக நன்றி என்றானாம். பிறகு அவன் என்ன ஆனான் என்று லசாருக்குக் கடைசிவரை தெரியவரவில்லை.

இரண்டு பிள்ளைகள், நான்கு பிள்ளைகள். வீரச் செயல் என்று பதக்கம் குத்தக்கூடிய இந்தக் கதையை அவர் வீரக் கதையாகச் சொல்லவே இல்லை. சுட்டுக்கொண்டிருந்தது பிள்ளை குட்டிக்காரர்களை என்பதற்கு அத்தாட்சியாகத்தான் சொன்னார். போர் ஒரு முழு முட்டாள்தனம் என்று 109 வயதிலும் அவர் பத்திரிகைக்காரர்களிடம் பட்டென்று சொன்னதற்கு இந்த விரல்கள்தான் காரணம்.

1915 மே மாதம் இத்தாலி நேச நாடுகள் பக்கம் போரில் குதித்தது. கூடவே தன் குடிமகன்களைத் திரும்பக் கேட்டது. கரிபால்டி ரெஜிமென்ட் அதற்கு முன்பே கலைக்கப்பட்டிருந்தது. லசார் பிரெஞ்சுப் படையிலேயே இருக்க விரும்பினார், தாய்நாடு விடவில்லை. இரண்டு ஜாந்தார்ம் போலீஸ்காரர்கள் காவலோடு அவரை டூரின் நகருக்குக் கொண்டுபோய் விட்டார்கள். பிரான்ஸுக்காகத் தானாக முன்வந்து உயிரைப் பணயம் வைத்தவரைக் கைதிபோல இத்தாலிக்குக் கூட்டிப்போனது, அந்தப் போரின் எத்தனையோ அபத்தங்களில் ஒன்று.

ஆல்ப்ஸ் மலைப் போருக்கென்றே பழக்கப்பட்ட 'அல்பினி' துருப்புகளின் 3ஆவது ரெஜிமென்டில் அவர் மெஷின் கன் இயக்கினார். எதிரே ஆஸ்திரிய-ஹங்கேரியப் படை. பால் பிக்கோலோ மலையில் நடந்த சண்டையில் ஒரு குண்டுச் சில் முகத்தைக் கிழித்தது. ரத்தம் கண்ணில் வழிய வழியச் சுட்டுக்கொண்டிருந்ததாகச் சொல்வார். நேபிள்ஸ் நகரில் சிகிச்சை. துணிச்சலுக்கு இத்தாலியப் பதக்கம் ஒன்றும் வந்தது.

ஆனால் அந்த மலைகளில் அவருக்கு நெஞ்சில் நின்றது வேறொன்று. டைரோல் பகுதியில் ஒரு கட்டத்தில் இரு தரப்பும் சுடுவதை நிறுத்திக்கொண்டன. யாரும் உத்தரவு போடவில்லை. எல்லைப்புறத்து ஆட்கள் என்பதால் இரு பக்கமும் பலருக்கு மற்றவரின் மொழி தெரியும். முதலில் பேச்சு. பிறகு பண்டமாற்று. இத்தாலியர்களிடம் ரொட்டி இருந்தது, ஆஸ்திரியர்களிடம் புகையிலை இருந்தது. ஒருவரையொருவர் போட்டோகூட எடுத்துக்கொண்டார்கள். மூன்று வாரம் இப்படியே ஓடியது. மூன்று வாரம் ஒரு மலைமுகட்டில் யாரும் சாகாமல் இருந்தது மேலிடத்துக்குப் பொறுக்குமா? விஷயம் தெரிந்ததும் ராணுவ விசாரணை என்று மிரட்டி, அந்தக் கம்பெனியையே கடும் சண்டை நடக்கும் வேறு பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். 1914 கிறிஸ்துமஸ் நாளில் ஆங்கிலேயரும் ஜெர்மானியரும் கைகுலுக்கிய கதை உலகப் பிரசித்தம். பெயரில்லாத இந்த மலை நட்பு அதைவிட நீண்ட நாள் தாக்குப்பிடித்தது.

குணமான பின் அவர் போய்ச் சேர்ந்த இடம் மோன்டே கிராப்பா. 1918இல் அங்கே எதிரி விட்ட விஷவாயுவில் அவருடைய சகாக்கள் நூற்றுக்கணக்கில் மடிந்தார்கள். நவம்பரில் போர் முடிந்தது. ஆனால் லசாரை ராணுவம் விடுவித்தது 1920இல். போன உயிர்களோடு ஒப்பிட்டால் போன ஆறு ஆண்டுகள் பெரிதல்ல என்பதுபோல் அவர் அதைப் பற்றி அதிகம் புலம்பியதில்லை. நேரே பாரிஸுக்கு ரயில் ஏறினார்.

அதற்குப் பிந்தைய வாழ்க்கையில் நாடகம் குறைவு, உழைப்பு அதிகம். சகோதரர்கள் செலஸ்த், போன்ஃபீஸ் இருவரோடும் சேர்ந்து சிறிய உலோக வேலைக் கம்பெனி ஒன்றைத் தொடங்கினார். ஆலைகளுக்குப் புகைபோக்கி கட்டி நிறுத்துவது அவர்கள் தொழில். ஒரு காலத்தில் புகைபோக்கிக்குள் கரி சுரண்டிய சிறுவன் இப்போது புகைபோக்கி விற்கும் முதலாளி. 'பொன்டிசெல்லி ஃப்ரேர்' (பொன்டிசெல்லி சகோதரர்கள்) பிற்பாடு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்குக் குழாய் பதிப்பதில் தொடங்கி அணுமின் நிலைய வேலைகள் வரை கை நீட்டி, ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தரும் நிறுவனமாக வளர்ந்தது. இன்றும் நடக்கிறது. லசார் 1960இல் ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகு மட்டும் 48 ஆண்டுகள் வாழ்ந்தார் என்பது பென்ஷன் அலுவலகங்களை மிரள வைக்கும் கணக்கு.

1939இல், அதாவது பிரான்ஸுக்காக முதன்முதலில் துப்பாக்கி தூக்கி கால் நூற்றாண்டு ஆன பிறகு, அவர் பிரெஞ்சுக் குடிமகன் ஆனார். அந்த ஆண்டே அடுத்த உலகப் போர் வந்தது. வயது 41. ஆலையை பாரிஸிலிருந்து விஷி நகருக்கு மாற்றினார். 1942இல் ஜெர்மானியர்கள் அந்தப் பகுதியையும் பிடித்தபோது பாரிஸுக்குத் திரும்பி, நாஜி எதிர்ப்பு இயக்கத்துக்கு உதவினார்.

இனி அந்தச் சங்கடம். 2005இல் ழாக் சிராக் அரசு, கடைசி புவாலு இறக்கும்போது அவருக்கு அரசு மரியாதையோடு தேசிய இறுதிச் சடங்கு நடத்துவது என்று அறிவித்தது. யோசனை பிரமாதமானதுதான். ஒரே சிக்கல், அந்த மரியாதைக்குரியவர்கள் இன்னும் உயிரோடு இருந்தார்கள். 100 வயதைத் தாண்டிய ஒரு சில கிழவர்கள், தங்களில் யார் கடைசியில் சாவார் என்று நாடே பத்திரிகையில் கணக்குப் பார்ப்பதைப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு மரணத்தின்போதும் எண்ணிக்கை குறைந்தது. மிச்சமிருந்தவர்களின் வீட்டு வாசலில் கேமராக்கள் கூடின.

கடைசி இருவரும் வேண்டாம் என்றார்கள். ஒருவர் லூயி த கசனாவ், ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர். 1917இல் ஷெமான் தெ தாம் படுகொலைக் களத்தைப் பார்த்த நாளிலிருந்து போரையே வெறுத்தவர். தன் தோழர்கள் சிலருக்கு ஒரு மரச் சிலுவைகூட நடப்படவில்லை என்று சொல்லி விருதுகளையே நெடுநாள் ஒதுக்கிவந்தார். இன்னொருவர் பொன்டிசெல்லி. அவர் சொன்ன காரணமும் அதேதான். எந்த மரியாதையும் இல்லாமல் சேற்றில் செத்துப் போனவர்களை விட்டுவிட்டு, அதிக நாள் வாழ்ந்த ஒரே காரணத்துக்காகத் தனக்கு ராஜ மரியாதை செய்வது அவர்களுக்கு இழைக்கும் அவமானம். இதில் அரசியல்வாதிகளால் எளிதில் மறுத்துப் பேச முடியாத நியாயம் இருந்தது. அவர்களை வாழ்ந்த காலத்தில் சரியாகக் கவனிக்காமல், கடைசி ஒருவரைப் பெட்டியில் வைத்துக் கௌரவிப்பது சௌகரியமான தேசபக்தி.

2008 ஜனவரி 20 அன்று த கசனாவ் 110 வயதில் இறந்தார். பொன்டிசெல்லி தனியானார். கடைசி ஆள் தானே என்றான பிறகு அவர் மனம் சற்று இளகியது. எளிமையாக நடத்துவதாக இருந்தால் சம்மதம் என்றார். பெரிய ஊர்வலம் கூடாது, ஆடம்பரம் கூடாது. தன் பெயரால் இல்லாமல், போரில் மாண்ட எல்லா ஆண்கள் பெண்கள் பெயராலும் நடக்க வேண்டும். பேரம் பேசுவதில் அனுபவப்பட்ட பழைய முதலாளி, அரசாங்கத்திடமும் தன் நிபந்தனைகளை வாங்கிக்கொண்டுதான் ஒப்புக்கொண்டார்.

எட்டு வாரங்கள்கூட முழுதாக ஆகவில்லை. மார்ச் 12 அன்று, க்ரெம்லின்-பிசேத்ரில் மகளோடு வசித்த வீட்டில் அவர் உயிர் பிரிந்தது. வயது 110 ஆண்டு, 96 நாள். மார்ச் 17 அன்று பாரிஸின் ஆன்வலீத் வளாகத்து செயின்ட் லூயி தேவாலயத்தில் இறுதிச் சடங்கு. நாடெங்கும் கொடிகள் அரைக் கம்பத்தில் பறந்தன. அவர் 16 வயதில் பொய் சொல்லிச் சேர்ந்த அதே ஃபாரின் லீஜனின் வீரர்கள் பெட்டியைச் சுமந்தார்கள். குடியரசுத் தலைவர் நிகோலா சர்கோசி கலந்துகொண்டு, போர் வீரர்களின் நினைவாக ஒரு பலகையைத் திறந்து வைத்தார். வரலாற்று நாவலாசிரியர் மாக்ஸ் கல்லோ அஞ்சலி உரை ஆற்றினார். கல்லோவும் இத்தாலியிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தின் பிள்ளைதான்.

அதே சர்கோசி அரசு அதற்கு முந்தைய ஆண்டுதான் 'குடியேற்றம், தேசிய அடையாளம்' இரண்டையும் ஒரே பெயரில் முடிச்சுப்போட்டு ஓர் அமைச்சகம் அமைத்திருந்தது. குடியேறி வருபவர்களால் பிரெஞ்சு அடையாளத்துக்கு ஆபத்து என்ற தொனி அதில் இருப்பதாகப் பலரும் கொதித்துக்கொண்டிருந்த நேரம். டிக்கெட் காசுக்குக் குருவி விற்று, மொழி தெரியாமல் வந்திறங்கிய ஓர் இத்தாலியச் சிறுவனை 14 லட்சம் தியாகிகளின் பிரதிநிதியாக அந்த அரசே கௌரவிக்க வேண்டி வந்ததை வரலாற்றின் குறும்பு என்று எடுத்துக்கொள்ளலாம். (அந்த அமைச்சகம் 2010இல் கலைக்கப்பட்டது.)

பிரான்ஸின் போரை வெளியூர்க்காரர்கள் சுமந்த கதை பொன்டிசெல்லியோடு நிற்கவில்லை. 1914 இலையுதிர் காலத்தில் மார்சேய் துறைமுகத்தில் வந்திறங்கிய இந்தியச் சிப்பாய்களில் பலர் பருத்திச் சீருடையிலேயே அந்தக் குளிரை எதிர்கொண்டார்கள். நவ் ஷாபெல் கிராமத்திலிருக்கும் நினைவிடத்தில், கல்லறைகூட இல்லாத இந்தியர்கள் 4,700க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு அருகே 1938இல் திறக்கப்பட்ட பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னமும் அந்தப் போரில் பிரான்ஸுக்காகச் செத்தவர்களுக்கானதுதான். 'சொல்தா' குடும்பங்கள் என்றால் அந்த ஊரில் இன்றும் தெரியும். அவர்களில் யாருக்கும் பொன்டிசெல்லியின் ஆயுள் வாய்க்கவில்லை. வாய்த்திருந்தால் ஆன்வலீத் தேவாலயத்தில் பெட்டி யாருடையதாக இருந்திருக்கும் என்று யோசிக்கத் தோன்றுகிறது.

'கடைசி' என்ற பட்டமே கொஞ்சம் தகராறானது. அவர் இறந்தபோது, போரின் இறுதி ஆண்டில் படைக்கு அழைக்கப்பட்ட இரண்டு பிரெஞ்சு முதியவர்கள் உயிரோடு இருந்தார்கள். போர்ப் பிரிவில் 90 நாள் இருந்திருக்க வேண்டும் என்ற விதிப்படி அவர்கள் கணக்கில் வரவில்லை. இருவரும் அதே ஆண்டு நவம்பரில், போர் ஓய்ந்த 90ஆம் ஆண்டு நிறைவையொட்டி, சில நாட்கள் இடைவெளியில் இறந்தார்கள்.

ஜெர்மனியில் நிலைமை வேறு. அங்கே முதல் உலகப் போர் வீரர்களின் பட்டியலையே அரசு வைத்துக்கொள்ளவில்லை. ஜெர்மன் படையின் கடைசி வீரராகக் கருதப்படும் எரிக் கெஸ்ட்னர், 2008 ஜனவரி 1 அன்று 107 வயதில் இறந்தபோது கொடி இறங்கவில்லை, அமைச்சர் வரவில்லை. குடும்பத்தினர் உள்ளூர்ப் பத்திரிகையில் கொடுத்த மரண அறிவிப்பைப் பார்த்துத்தான் சில வாரம் கழித்து விஷயமே வெளியே தெரிந்தது.

பொன்டிசெல்லிக்கு எதிரே நின்ற ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையிலும் ஒருவர் மிஞ்சியிருந்தார். ஃபிரான்ஸ் கூன்ஸ்ட்லர், 1918இல் இத்தாலியப் போர்முனையில் பீரங்கிப் பிரிவில் இருந்தவர். ஜெர்மனியில் குடியேறி, வயதான காலத்தில் ஒரு வேட்டை அருங்காட்சியகத்தில் வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்டிக்கொண்டிருந்தார். பொன்டிசெல்லியை பாரிஸுக்குப் பக்கத்தில் இவ்ரி கல்லறைத் தோட்டத்தில், குடும்பத்தாருக்குச் சொந்தமான இடத்தில் அடக்கம் செய்தார்கள். அவர் இறந்து 76 நாட்கள் கழித்து, மே 27 அன்று, கூன்ஸ்ட்லரும் கண்ணை மூடினார்.